ஒன்றரை கத்தி பாக்கி

பலகையைப் பாதி இழைத்திருந்தபோது கரண்ட் போனது.

நல்லதாகப் போயிற்று என்று தச்சர் இழைப்பு மெஷினின் மூடியைத் திறந்தார். கத்தி உருளையைத் துடைத்து ஒரு வாரமாகிவிட்டது. அதற்கெல்லாம் நேரம் கிடைப்பது இப்படித்தான்.

உருளையில் மூன்று கத்திகள். மூன்றின் ஓரத்திலும் மரப்பிசின் கறுத்து ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை விரலில் சுற்றிக்கொண்டு கையை உள்ளே விட்டார்.

பின்னால் காலடிச் சத்தம். மனைவிதான். வந்தாள், சுவரோரம் ஒரு நொடி நின்றாள், போய்விட்டாள்.

மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். டீ வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? மெஷின் எவ்வளவோ தேவலை. அது சத்தம் போட்டால்தான் கோளாறு. இவள் சத்தம் போடாவிட்டால்தான் கோளாறு.

முதல் கத்தி பளிச்சென்று ஆனது. இரண்டாவதில் பாதி துடைத்திருப்பார்.

தலைக்கு மேல் ஃபேன் சுற்றத் தொடங்கியது. ரேடியோ பாடியது.

மெஷின் சுவிட்சை அவர் அணைக்கவே இல்லை.

கையை இழுக்கக்கூடத் தோன்றவில்லை.

மெஷின் அசையவில்லை.

மெல்லக் கையை வெளியே எடுத்தார். எல்லாம் அப்படியே இருப்பது பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு சுவரைப் பார்த்தார். மெஷினுக்கென்று தனியாக இருக்கும் ஃபியூஸ் கட்டையைக் காணவில்லை.

பட்டறையின் பின்கதவைத் தாண்டினால் அடுக்களை. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஃபியூஸ் கட்டை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது.

அவள் நிமிரவில்லை.

"கோபம் உங்க மேலதான். உங்க விரல் மேல இல்ல."

மூன்று நாளைக்கு முன்னால், இதே கட்டையைக் கழற்றி எங்கோ வைத்து மறந்துவிட்டாள் என்று, பலகை இழைக்க வந்தவர்கள் முன்னாலேயே அவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். இனி அதில் கை வைத்தால் நடப்பதே வேறு என்று கத்தியிருந்தார். அவள் பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கும்பிட இரண்டு கையும் முழுசாக இருந்தன.

"இன்னும் ஒன்னரை கத்தி பாக்கி இருக்கு," என்றார். "அதுவரைக்கும் கட்டை உங்கிட்டயே இருக்கட்டும்."