இடப்பக்கம் ஒரு கையளவு

பழைய தபால் நிலையத்துச் சுவருக்கு முன்னால் பல் டாக்டர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பட்டனை மட்டும் அழுத்தவில்லை.

எதிரே, ஜன்னலுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் சுண்ணாம்புக் காரையில் செய்த பூ. எட்டு இதழில் ஒன்று உடைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையானால் பழைய கட்டடங்களைப் படம் பிடித்துத் திரியும் அவருடைய கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எதை எடுத்தாலும் அளவு தெரியப் பக்கத்தில் ஒன்றை வைக்க வேண்டும். ஆளாளுக்குப் பேனா, சாவி என்று வைப்பார்கள். டாக்டருக்கு மனைவியின் கை.

முப்பது வருஷமாக அந்தக் கைதான். பூவோ தூணோ, அதற்கு இடப்பக்கம் உள்ளங்கையைச் சுவரில் பதித்து நிற்பாள். இவர் அப்படி நகர்ந்து, இப்படிச் சாய்ந்து, வெளிச்சம் பார்ப்பார். அவளா பொறுப்பாள்?

“சீக்கிரம் எடுங்க, கை கடுக்குது. கட்டினவளை அடிஸ்கேல் ஆக்கின ஒரே ஆளு நீங்கதான்!”

அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

இவர் ஞாயிற்றுக்கிழமை நடையை விடவில்லை. ஆனால் எடுக்கிற படமெல்லாம் ஒரே கோணல். பூவோ தூணோ வலப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும், இடப்பக்கம் ஒரு கையளவு வெறும் சுவர். கூட்டத்தார் போடப்போகும் புத்தகத்துக்கு இவர் படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

நேற்று மகள் அத்தனை படங்களையும் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். இனி படத்தில் அப்படிக் காலி இடம் விடமாட்டேன் என்று மகள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

சொல்வதற்கென்ன, சொல்லிவிடலாம்.

மற்றவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்த ஒரு பெண், எங்கோ வங்கியில் வேலையாம், வழி தெரியாமல் இவருக்காகப் பின்னால் காத்திருந்தாள். அவளுக்கு இவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. காலையில் வணக்கம் சொன்னதோடு சரி.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வைத்தார். பூ படத்தை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் ஓர் இம்மி இடமில்லை.

மனைவியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது போல் இருந்தது. இருந்தாலும் விரலைப் பட்டனில் வைத்தார்.

பின்னால் அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“சார், கொஞ்சம் பின்னால வந்து எடுங்களேன். உங்க வீட்டுக்காரம்மா கை படத்துல விழாது போலிருக்கே. பாவம், எவ்வளவு நேரமா அப்படியே வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

டாக்டர் திரும்பவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

இரண்டு அடி பின்னால் வந்தார்.

வெளிச்சம் இன்னும் சரியாகவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, அதைப் பார்க்காமல் சட்டென்று எடுத்துவிட்டார்.