இரண்டு சீட்டும் தெரியும்

"உள்ள பாக்குற கேமரா மட்டும் வேண்டாங்க. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அது போதும்."

கெஞ்சுகிற குரலில்தான் சொன்னாள். கார் சாமான் கடையின் கண்ணாடி மேசைமேல் மூன்று பெட்டிகள் திறந்து கிடந்தன. மூன்றும் இரட்டைக் கேமரா, மூன்றும் மலிவு விலை. இரண்டு பெட்டிகளில் இரண்டாவது கேமரா பின்கண்ணாடிக்கு. மூன்றாவதில் மட்டும் அது வண்டிக்குள்ளே திரும்பிப் பார்த்தது.

கணவன் மூன்றாவது பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஏன், உள்ள பாத்தா என்னவாம்?"

"பின்னாடி எவனாவது இடிச்சா தெரியணும்ல? அதுக்குத்தானே வந்தோம்?"

"தினம் ஆபீஸுக்கு நீ தனியாத்தானே ஓட்டிட்டுப் போற? அப்புறம் எதுக்கு இந்தப் பதற்றம்?" கேட்டுவிட்டுக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார். அவன் சிரித்தால் எதிரில் இருப்பவர்களுக்கும் தானாகச் சிரிப்பு வந்துவிடும். அப்படி ஒரு முகம்.

அவள் நீலத் திரைச்சீலை கேட்டால் வீட்டுக்குப் பழுப்பு வரும். கீழ்த்தளம் போதும் என்றாள், ஏழாவது மாடியில் குடியேறினார்கள். இந்தக் கேமராப் பேச்சு மூன்று வாரத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில் வந்தபோதும், "அதெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்றுதான் அவள் ஆரம்பித்தாள்.

"உள் கேமரா நல்லாத் தெரியுமா?" என்று அவன் கேட்டான்.

"ரெண்டு சீட்டும் பளிச்சுனு தெரியும் சார். இருட்டுலயும் தெரியும். மைக் இருக்கு, முணுமுணுத்தாக்கூட விடாது."

"அது, அதுதான் வேணும்."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "எவ்வளவு நாளைக்கு அழியாம இருக்கும்?"

"கார்டு நிறைஞ்சா பழசு தானா அழிஞ்சிடும் மேடம். வேணுங்கிறதை போன்ல எடுத்து வெச்சுக்கலாம்."

"எப்ப அழியும்னு கணக்குப் போடுறா பாருங்க," என்றான் கணவன். மறுபடி சிரிப்பு. "இவ போன்லயும் சேத்து விடுங்க. நான் பாக்குறதை இவளும் பாக்கட்டும். அப்பத்தான் ஞாபகம் இருக்கும்."

"என் போன்ல வேண்டாங்க..."

"போடுங்க சார்."

கடை வாசலிலேயே பையன்கள் இருவர் வண்டியில் கேமராவைப் பொருத்தினார்கள். கணவன் பொறுமையாக நின்று, அவர்களுக்குக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்து, பெயர் கேட்டு, தோளில் தட்டினான். கடைக்காரர் அவள் பக்கம் சாய்ந்து, "இப்படி ஒரு தங்கமான மனுஷன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும் மேடம்," என்றார்.

இதையே அண்ணனும் சொல்லியிருந்தார். போன மாதம் ஒரு பையில் நான்கு துணியோடு அவர் வீட்டுக்குப் போய், ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். போவதற்கு அவளுக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். அண்ணன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "மாப்பிள்ளையா? அவர் சத்தமாப் பேசியே நான் கேட்டதில்லையேம்மா. நீ சரியாத் தூங்குறியா இல்லையா?" அன்று சாயங்காலமே அவரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். கணவன் லிஃப்ட் வரைக்கும் போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தான்.

அண்ணன் கேட்டதில்லைதான். ஏழாவது மாடியில் சுவர்கள் மெல்லியவை. அதனால் கணவன் எதையும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. காரில்தான் வைத்துக்கொள்வான்.

வண்டி கிளம்பியது. கடைக்காரருக்குக் கையசைத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியை ஏற்றினான். நான்கு கதவுகளும் ஒன்றாக 'டக்' என்று பூட்டிக்கொண்டன. கிணற்றுக்குள் விழுந்த கல் அடியைத் தொடுகிற சத்தம் மாதிரி இருக்கும் அது, அவளுக்கு. மூன்று வருடமாக அந்தக் கிணற்றின் அடியில்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, அவனுடைய மறு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது.

"கடைக்காரன் எதிர்ல என்னையே கேள்வி கேப்பியாடி? அவ்வளவு வாய் வந்துடுச்சா?"

பக்கத்தில் நின்ற பேருந்தின் ஜன்னலில் ஒரு குழந்தை இவர்கள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இனிமே நீ மூச்சு விட்டாலும் எனக்குத் தெரியும். அண்ணன்கிட்டப் போய் அழுதியே, என்ன ஆச்சு? நாய்க்குட்டியைக் கொண்டாந்து விடுற மாதிரி விட்டுட்டுப் போனான்ல? நாளைக்கு உன்னைக் கொன்னு போட்டாலும் அவன் எனக்குத்தான்டி ஆறுதல் சொல்லுவான்!"

வழக்கமாக இந்த இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இன்று மூடவில்லை. முன்கண்ணாடியின் மேல், மூன்று வாரமாக அவள் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே வரவழைத்த அந்தக் கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. மணிக்கட்டை விடுவித்துக்கொள்ளாமல், அதையே பார்த்தபடி அவள் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எங்க அண்ணனுக்குக் கேக்கணும்."