பெரிய டாக்டரின் முகம்

அந்த மருத்துவமனையில் சேரும் இளம்பெண் மருத்துவர்கள் எல்லாருக்கும் நரைத்த மீசையும் கனத்த குரலும் கொண்ட ஒரு முகம் தருவார்கள். அதை மாட்டிய பிறகு மதிவதனியிடம் யாரும், "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டதில்லை.

அப்பாவின் இதயம் ஓய்ந்துகொண்டிருந்த அன்று அதைக் கழற்றிவிட்டு, மகளாகவே போய் நாடி பார்த்தாள்.

"நீ தள்ளும்மா. சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்? பெரிய டாக்டரக் கூப்பிடு," என்றார் அப்பா.

வெளியே போய் முகத்தை மாட்டிக்கொண்டு வந்தாள். அப்பா அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"எம்பொண்ணும் டாக்டர்தாங்கய்யா. உங்கள மாதிரி வரணும்."

"வருவாங்க," என்றது கனத்த குரல்.

அந்த மீசைக்குப் பின்னால் யார் அழுகிறார்கள் என்று தெரியாமலேயே அவர் பிடி தளர்ந்தது.