பழைய ஸ்பிரிங்

கூடாரத்தின் கூரைத் துளை வழியே விழும் மதிய வெயில், லுவ்சானின் மடியில் கிடக்கும் பழைய ருஷ்யப் பட்டாளத் துப்பாக்கியின் மேல் வட்டமாக நிற்கிறது. கோம்போவைக் கரடி அடித்துக் கொன்ற அன்று கம்பளியில் சுற்றி வைத்தது. இன்றுதான் கோம்போவின் மனைவி நன்சல்மா அதைப் பழுதுபார்க்க லுவ்சானிடம் எடுத்து வந்திருக்கிறாள். அவள் கையில் உப்புத் தேநீர் ஆறி ஆடை கட்டுகிறது. கரடியைக் கண்டதும் கோம்போ விறைத்துப்போய் நின்றானாம், விசையைக்கூடத் தொடவில்லையாம். ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. லுவ்சான் துப்பாக்கியின் தாழ்ப்பாளை இழுக்கிறான். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி விரிப்பில் உருள்கிறது. அதைக் கவனிக்காமல் அவன் ஸ்பிரிங்கைக் கழற்றி விரலால் அமுக்கிப் பார்க்கிறான்.

“ஸ்பிரிங் செத்துப்போச்சு தங்கச்சி. குளிர்ல கிரீஸ் வேற இறுகிக் கெடக்கு. ஊசி தோட்டாவச் சும்மா தொட்டுட்டுத்தான் வந்திருக்கும்.”

“சுட்டாத்தானேண்ணே ஊசி தொடும்? அவருதான் சுடவேயில்லையே.”

லுவ்சான் தோட்டாவை எடுத்து அதன் பின்பக்கத்தை வெயிலில் காட்டுகிறான். பிசைந்த மாவில் நகம் பட்டதுபோல, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு ஆழமில்லாத குழிகள்.

“வெடிக்கலைன்னதும் மறுபடி இழுத்து வச்சு அடிச்சிருக்கான்.”

நன்சல்மா தேநீரைக் கீழே வைக்கிறாள்.

“புது ஸ்பிரிங் அப்புறம் போடலாம். அந்தப் பழசையே மாட்டி, தோட்டா இல்லாம வெறுமனே அடிங்கண்ணே. எனக்குக் கேக்கணும்.”

அவன் மாட்டி விசையை இழுக்கிறான். டக். விறகு முறிவதைவிடச் சின்னச் சத்தம்.

“இன்னொண்ணு,” என்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு.

அவன் ஊசியின் பின்முனைக் குமிழைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறான். அதற்கு இவ்வளவு நேரம் ஆகிறது; கரடியின் முன்னால் கோம்போவுக்கும் ஆகியிருக்கும்.