ஒற்று மிகும் இடம்

“எழுத்த மாத்திக்கலாம் சார், எழுதுற பழக்கத்த மாத்த முடியாது. அரை மணி நேரம் குடுங்க. எழுதினது யாருன்னு நான் சொல்றேன்” என்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தார் தமிழாசிரியை.

தலைமையாசிரியருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காலையில் கல்வி அதிகாரி முன்னால் போன மானத்தைச் சாயங்காலத்துக்குள் மீட்டுவிடலாம்.

பத்தாம் வகுப்பு வாசலில் அந்த வெள்ளைப் பலகையை மாட்டியதே அவர்தான். மேலே ‘மாணவர் குரல்: அஞ்சாமல் எழுதுங்கள்’ என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதிகாரி வந்து பார்த்து மெச்ச வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் எதையும் எழுதித் தொலைக்க மாட்டார்கள் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம்.

அதிகாரி வந்தபோது பலகையில் ஒரே ஒரு வரி இருந்தது. யார் கையெழுத்து என்று தெரியாதபடி, ஸ்கேல் வைத்துக் கோடிழுத்த மாதிரி எழுத்துகள்: ‘கழிப்பறைக்குக் கதவு வேண்டும்.’

அந்தக் கதவு உடைந்து ஏழு மாதமாகிறது. பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“அஞ்சாம எழுதுங்கன்னு சொன்னா, இப்படியா அஞ்சாம எழுதுறது?” என்று பொரிந்து தள்ளினார் தலைமையாசிரியர். “கருத்து எழுதச் சொன்னா குறைய எழுதி வெச்சிருக்கு! அதிகாரி படிச்சுட்டு, ‘வாங்க, அதையும் பார்த்துடலாம்’னு நேரா அங்க கெளம்பிட்டாரும்மா. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?”

எழுதியது யாரென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பத்தாம் வகுப்பில் ‘மைக்செட்’ என்று பெயரெடுத்த பெண் ஒருத்தி இருக்கிறாள். காலைக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், அந்தக் கதவு என்னவாயிற்று என்று இரண்டு தடவை கேட்டவள். அவளுடைய டி.சி. தயாராகி மேஜைமேல் கிடந்தது, கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பொதுத் தேர்வுக்கு இன்னும் ஐந்தே வாரம்.

வெளியே பெஞ்சில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள். தையல் கடையிலிருந்து ஓடிவந்த வேகத்தில் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை. தமிழாசிரியை தன்னைத் தாண்டிப் போனபோது எழுந்து கும்பிட்டாள். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வகுப்புக்குப் போனார். மழை பெய்து மாதக்கணக்காகிறது, வெயிலும் தாழ்ந்துவிட்டது. அந்தக் குடைக்கு மட்டும் அவரிடமிருந்து விடுதலை இல்லை.

பெண்கள் அவரை ‘ஒற்று டீச்சர்’ என்பார்கள். ஒற்றெழுத்து ஒன்று விட்டால் அரை மதிப்பெண்ணை வெட்டுவார் என்பதால் வந்த பெயர். தலைமையாசிரியருக்கு ஒற்று வேலை பார்ப்பவர் என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. இன்று முப்பத்தெட்டுப் பெண்களின் முகத்திலும் இரண்டாவது பொருள்தான் எழுதி ஒட்டியிருந்தது.

“ஆளுக்கு ஒரு தாள் எடுங்க. நான் சொல்றத எழுதுங்க. கழிப்பறைக்கு...” என்று சொல்லி மூச்சு வாங்கினார். “கதவு... வேண்டும்.”

மைக்செட் பேனாவைத் தொடவில்லை. “நாங்க படுற பாடு உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? நீங்களே இப்படிச் செய்யலாமா?” என்றாள்.

“வாய மூடிக்கிட்டு எழுது” என்றார் தமிழாசிரியை.

திரும்பி வந்து முப்பத்தெட்டுத் தாள்களையும் தலைமையாசிரியர் முன்னால் பரப்பினார்.

“பாருங்க சார். பலகையில ‘கழிப்பறைக்குக்’னு கடைசியில ஒரு ‘க்’ இருக்கு. இதுல ஒரு தாள்லகூட அந்த ‘க்’ இல்ல. நீங்க சொல்ற பொண்ணும் போடல. பத்தொன்பது வருஷமா தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன், ஒருத்திக்கும் அந்த ‘க்’ வந்ததில்ல.”

பத்தொன்பது வருடப் பாடம் வீணாய்ப் போன செய்தியை அவர் ஏனோ தெம்பாகச் சொன்னார்.

தலைமையாசிரியர் மசியவில்லை. “வேணும்னே விட்டிருப்பா. அந்த வாய்க்கு இந்த மூளைகூடவா இருக்காது? கூப்பிடுங்க ரெண்டு பேரையும்.”

தாயும் மகளும் உள்ளே வந்தார்கள். “ஐயா, பரீட்சைய மட்டும் எழுதட்டும்யா. இனிமே இவ எதுக்கும் வாயே தெறக்க மாட்டா” என்று அழுதாள் அம்மா. எந்தக் கூட்டத்திலும் நிமிர்ந்து நின்ற மைக்செட், அதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமையாக இருந்தது.

தலைமையாசிரியர் பேனா மூடியைக் கழற்றினார். முனை தாளைத் தொடப்போன நேரத்தில், டி.சி.க்குக் குறுக்கே ஒரு குடை வந்து விழுந்தது.

“என்னம்மா இது?” என்று எரிந்து விழுந்தார். “எழுதினது யாருன்னு சொல்றேன்னு போனீங்க, ஒண்ணத்தையும் காணோம். சரி, இவ எழுதல. அப்போ நம்ம ஸ்கூல்ல அந்த ‘க்’க ஒழுங்காப் போடத் தெரிஞ்சது வேற யாருதான்?”

“நான் ஒருத்திதான் சார்.”