எதிர் நாற்காலி

மனித வரலாற்றிலேயே யாருக்காகவும் காத்திருக்காத ஒரே ஆள் செல்வின். குடிநோயாளிகள் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்த அன்றே இதை அவரே அறிவித்தார்.

அங்கே ஞாயிறுதோறும் பார்வையாளர் நாள். எல்லோரும் குளித்து, தலைவாரி, வருகிறவருக்காக எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நாலு மாதமாக யாருமே வராத தனபாலும் தன் மனைவிக்காக ஒன்று போடுவார்.

"யோவ் தனபாலு, நாற்காலிக்கு ஒரு டீ சொல்லட்டுமா?" என்று செல்வின் சிரித்தார்.

"சொல்லுங்கண்ணே. அவளுக்குச் சக்கர ஆகாது," என்றார் தனபால்.

மூன்றாவது ஞாயிறு, செல்வினின் மகள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. செல்வின் வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டு, எதிர் நாற்காலியை மட்டும் நிழல் நகர நகர நகர்த்திக்கொண்டிருந்தார்.