ஜன்னலைப் பார்த்த மெஷின்

"நேரா நம்ம ஜன்னலைப் பார்த்து வைக்கிறான் பாரு! காத்தை மறிச்சு என்னைப் புழுங்க வச்சது போதாதாம்!"

இடுப்பெலும்பு உடைந்து கட்டிலோடு கிடந்த கோவிந்தராசு கத்தினார். மனைவி பொன்னுத்தாய் எட்டிப் பார்த்தாள். பக்கத்து லாட்ஜின் சுவரோரம், பெரிய ஃபேன் வைத்த மெஷின் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

லாட்ஜ், அண்ணன் சாமிதுரையுடையது. மன்னார்குடியில் இருந்த ஒரே மனையை இரண்டாகப் பிரித்து, தன் பங்கில் அண்ணன் நாலு மாடி எழுப்பியதும் தம்பி அறைக்கு வந்துகொண்டிருந்த காற்று நின்றுபோனது. அன்றோடு பேச்சும் நின்றுபோனது.

"ஹீட் பம்ப்பாமுங்க. லாட்ஜுக்கு வெந்நீர் போட" என்றாள் பொன்னுத்தாய்.

"அதுக்கு மொட்டை மாடியில சோலார் வச்சா ஆகாதா? ஏசி மெஷின் பின்னாடி நின்னிருக்கியா நீ? மூஞ்சி பொசுங்கிடும். சித்திரை வெயில்ல அந்த அனலை இங்க விடப்போறான். நல்லா இருப்பானா?"

சத்தம் கேட்டு சாமிதுரை ஜன்னலருகே வந்தார்.

"தம்பி, இது என்னன்னா..."

"தம்பின்னு கூப்பிடாத! மரியாதையா அந்தப் பக்கம் திருப்பி வை. இல்ல, முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்ருவேன்."

சாமிதுரை மெஷின் பக்கம் திரும்பினார்.

"அவன் சொல்றபடியே திருப்பிடுங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயித்தது என்னவோ கோவிந்தராசுதான். ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. எத்தனை வருஷத்துக்கப்புறம் காதில் விழுந்த 'தம்பி' அது!

சாயங்காலம் மெக்கானிக் லியாகத் அலி ஜன்னலோரம் வந்தார்.

"திருப்பியாச்சுங்க ஐயா. ஓட்டியும் பார்த்துட்டோம். காத்தெல்லாம் இனிமே ரோட்டுப் பக்கம்தான்."

"ரோட்டுல போறவன் பாவம், அனல்ல வேகப்போறான்."

"அனலா? இது ஏசிக்கு நேர் எதிர்ங்க. காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சித்தான் தண்ணியக் காய வைக்கும். வெளிய வர்றது குளுகுளு காத்துங்க."

கோவிந்தராசு தலையைத் திருப்பி ஜன்னல் வழியே மெஷினைப் பார்த்தார்.

"நானும் சோலார்தான் சொன்னேன். உங்க அண்ணன் கேக்கலை. இந்த மெஷின்தான் வேணும், மத்தியானத்துலதான் ஓடணும், உங்க ஜன்னலைப் பார்த்துத்தான் நிக்கணும்னு ஒரே பிடிவாதம். 'என் கட்டடம் மறைச்ச காத்தை என் தம்பிக்குத் திருப்பிக் கொடுக்க வேற வழி தெரியல பாய்'னாருங்க."